பெயின்ட் கடை நானாவும் நிறமில்லாத குருவிகளும்

ஹட்டன் கடைவீதியில் பெயின்ட் கடை வைத்திருந்த, ஊரே அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்ட முஸ்லிம் பெரியவரிடம் எந்தச் செய்தியைக் கொண்டுபோனாலும் முதலில் ஒரே கேள்விதான் வரும்.

"பாத்தீங்களா, கேட்டீங்களா?"

நானுஓயாவுக்கு அப்பால் மண் சரிந்துவிட்டது, ரயில் வராது என்று சொல்லுங்கள். "பாத்தீங்களா, கேட்டீங்களா?" கேள்விப்பட்டதாகச் சொன்னால் அந்தச் செய்தி கடைப்படியோடு நின்றுவிடும். பார்த்ததாகச் சொன்னால் உங்களுக்கு ஒரு ஸ்டூல் கிடைக்கும், பால் விடாத பிளேன்டி கிடைக்கும். பிறகு குறுக்கு விசாரணை தொடங்கும். எங்கே நின்று பார்த்தீர்கள், வெயிலா மூட்டமா, கண்ணாடி போட்டிருந்தீர்களா இல்லையா. பிளேன்டிக்காகப் பொய் சொன்னவர்கள் இரண்டாவது மிடறுக்குள் பிடிபட்டார்கள்.

நான் அவரை முதலில் சந்தித்தது ஒரு வியாழக்கிழமை. வெள்ளி என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் நான் போனது நண்பகலில், கடை திறந்திருந்தது. வெள்ளி நண்பகலில் அவர் ஜும்மா தொழுகையில் இருப்பார். ஆகவே வியாழன்தான். அப்போது நான் வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகைக்குப் பூசக் கறுப்பு பெயின்ட் கேட்டேன். அவர் தரவில்லை. மறுநாள் ஜும்மா முடிந்ததும் பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பலகையை விரலால் தடவி, ஜன்னலைத் திறந்து, மூடிப் பார்த்தார்.

"மாஸ்டர், கறுப்புன்னு கேட்டீங்க. இது பச்சையால்லோ ஈக்குது."

பார்த்தேன். பச்சைதான். கரும்பலகை என்று பெயர் இருந்ததால் அத்தனை காலமும் நான் அதைக் கறுப்பாகவே பார்த்திருக்கிறேன். வகுப்பு விட்டும் போகாமல் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

இதே குணத்தால் ஒரு முறை தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேகமே தள்ளிப்போகப் பார்த்தது. மயில் வாகனத்துக்கு மயில்நீலம் கேட்டு வந்தார் கோயில் கமிட்டித் தலைவர்.

"எந்த மயில்?" என்றார் நானா.

"முருகன் மயிலுங்க நானா. சாமி வாகனம். அத யாருங்க பாத்துருக்காங்க?"

"அப்ப சாதா மயிலயாவது பாக்கணும். நான் பாத்ததில்ல. இந்தக் குளிருக்குள்ள எங்க ஈக்குது மயில்?"

"டின்னுல மயில்நீலம்னு எழுதியிருக்குதே."

"எழுதினவன் பாத்தானா?"

கடையை மகனிடம் விட்டுவிட்டு மஹியங்கனைப் பக்கம் போய் மயிலைப் பார்த்துவிட்டு வந்து, தானே கலந்து கொடுத்தார். வாகனம் சாம்பல் பூத்த நீலத்தில் வந்து நின்றது. தலைவர் அதைச் சுற்றி வந்தார்.

"மயிலுக்குக் காய்ச்சலாங்க நானா?"

"நான் போன அண்டைக்கு மழை. அது நனஞ்சிட்டு நிண்டது. நான் பாத்தது அதைத்தான்."

கடைசியில் தோட்டத்துப் பையன்கள் மினுக்குத்தூள் தூவிச் சமாளித்தார்கள். நானா அந்த மினுக்கத்தை மன்னிக்கவே இல்லை.

இது வெறும் பிடிவாதம் இல்லை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. நோன்புக்கு முந்திய மாலை ஒன்றில் அவரோடு கடைவாசலில் நின்றிருந்தேன். ஹட்டனில் அந்த நேரத்து வானம் கழுவாத துணி மாதிரி இருக்கும். பிறை தெரிவதெல்லாம் அபூர்வம். இவர் எப்படித்தான் நோன்பு பிடிக்கிறார் என்று கேட்டேன்.

"பாத்த ஆள் வந்து, நான் பாத்தேன்னு சாட்சி சொன்னா போதும். நோன்புப் பிறைக்கு நம்பிக்கையான ஒரு சாட்சி போதும். ஆனா பாத்தவனா ஈக்கணும். கேட்டவன் எத்தினி பேர் வந்தாலும் சாட்சியில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பிறைக்கே சாட்சி வேணும்னா மத்த எல்லாத்துக்கும் வேணாமா?"

இப்படிப்பட்டவருடைய கையில்தான் அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது.

மேலேயுள்ள ஒரு பழைய துரை பங்களாவைச் சுற்றுலா விடுதியாக மாற்றினார்கள். சுவருக்கு பெயின்ட் கேட்டார்கள். வழக்கம்போல் நானா சுவரைப் பார்க்கப் போனார். போன இடத்தில் சாமான் அறையைக் காலி செய்துகொண்டிருந்தவர்கள் ஒரு தேயிலைப் பெட்டியைக் காட்டி, "பழைய பேப்பர், வேணும்னா கொண்டுபோங்க முதலாளி" என்றார்கள். பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டியிருந்ததால் ஈரம் ஏறவில்லை. உள்ளே தைக்காத, கட்டாத, மெல்லிய பாகங்களாக, ஒவ்வொன்றும் நீலக் காகித உறையோடு, இலங்கைப் பறவைகளைப் பற்றிய பெரிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடந்தது.

நானா அதைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டியதும் நான் முதலில் உறைகளைத்தான் எண்ணினேன். அதற்கான காரணத்தைச் சொல்லவேண்டும். அந்தக் காலத்துப் பெரிய பறவைப் புத்தகங்கள் ஒரேயடியாக வெளிவருவதில்லை. ஆசிரியர் முதலில் சந்தாதாரர்களைச் சேர்ப்பார். சில மாதங்களுக்கு ஒரு பாகம் என்று தபாலில் வரும். எல்லாம் வந்து முடிய ஆண்டுகள் ஆகும். பிறகு சந்தாதாரர் அவற்றைப் பைண்டரிடம் கொடுத்துத் தோல் அட்டை போடுவார். பைண்டர் முதல் வேலையாக உறைகளைக் கிழித்து எறிந்துவிடுவார். எந்தப் பாகம் எந்த மாதம் வந்தது என்பது உறையில் மட்டுமே இருக்கும். தலைப்புப் பக்கத்தில் இருக்கும் ஆண்டு பாதிப் பொய். ஒரு பறவைக்கு முதலில் பெயர் வைத்தவர் யார் என்று அறிஞர்கள் இன்றைக்கும் சண்டை பிடிப்பது பல வேளைகளில் இந்தக் கிழிந்துபோன உறைகளால்தான். இங்கே எல்லா உறைகளும் இருந்தன. நான் உறைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். நானா படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், பாதிக்குப் பொறகு நிறமில்ல."

உண்மை. முன்பாகங்களில் படங்கள் வண்ணத்தில் இருந்தன. பின்பாகங்களில் வெறும் கறுப்புக் கோடும் நிழலும்தான். உறைகளில் இருந்த மாதத்தையும் சந்தா விலையையும் பார்த்ததும் காரணம் பிடிபட்டது. படங்களைக் கல்லில் வரைந்து கறுப்பில் அச்சிடுவார்கள். அதன்பிறகு ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொரு படத்துக்கும் கையால் நிறம் பூசவேண்டும். அதனால் வண்ணப் பிரதிக்கு ஒரு சந்தா, சாதாப் பிரதிக்குக் குறைந்த சந்தா. இந்தத் துரை வண்ணத்தில் தொடங்கியிருக்கிறார். இடையில் மலைநாடெங்கும் கோப்பிச் செடியில் நோய் விழுந்து தோட்டங்கள் நொடித்துப்போயின. மனிதர் சாதாச் சந்தாவுக்கு இறங்கிவிட்டார். கோப்பி விழுந்தது, குருவிக்கு நிறம் நின்றுபோனது.

நானாவுக்கு இந்தக் கதை பிடித்திருந்தது. அடுத்ததாக நான் சொன்னதுதான் பிடிக்கவில்லை.

"லண்டனில் பெண்களும் சிறுமிகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நிறம் பூசுவார்கள் நானா. நடுவில் மாதிரிப் படம் ஒன்று இருக்கும். ஒருத்தி நீலம், ஒருத்தி சிவப்பு."

"அவங்க குருவியப் பாத்தாங்களா?"

"இல்லை. மாதிரியைப் பார்த்துப் பூசினார்கள்."

"மாதிரி வரஞ்சவன் பாத்தானா?"

"இங்கிருந்து பதப்படுத்திய தோல் அனுப்புவார்கள். அதைப் பார்த்து வரைந்தான். உயிரோடு பார்த்திருக்கமாட்டான். செத்த பறவையில் இறகு நிறம் நிற்கும். கண், மூக்கு, கால் மட்டும் மங்கிவிடும்."

நானா படத்தைக் கீழே வைத்தார். "அப்ப இந்தப் புத்தகத்துல ஒருத்தனும் பாத்ததில்ல."

மீதிப் படங்களுக்குத் தானே நிறம் பூசுவதென்று அன்றே முடிவு செய்தார். ஒரே நிபந்தனை: குருவியை உயிரோடு, தன் கண்ணால் பார்த்த பிறகுதான். முதலில் எனாமல் பெயின்டை எடுத்தார். "மழைக்கும் நிக்கும்" என்றார். புத்தகத்தை மழையில் வைக்கப்போவதில்லை என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் பிடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாட்டர் கலர் பெட்டியைக் கொடுத்தேன். என்னைப் போன்ற ஒருவன் தடுத்திருக்கவேண்டிய காரியத்துக்கு நானே பெட்டி வாங்கிக் கொடுத்தேன் என்று பின்னாளில் கொழும்பு நண்பர் ஒருவர் வருத்தப்பட்டார். அவர் நானாவைப் பார்த்ததில்லை.

கடை பூட்டியிருக்கும் போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாட்களில் காட்டோரம் போவார். ரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமலிருக்கச் சவர்க்காரம் பூசிய காலோடு மணிக்கணக்கில் நிற்பார். பார்த்த குருவியின் நிறத்துக்குக் கடை நிற அட்டையில் என்ன எண் என்று மனப்பாடமாகவே தேர்ந்து, அதைப் படத்தின் பின்னால் பென்சிலால் குறிப்பார். பிறகு அந்த எண்ணுக்குத் தனக்குத் தெரிந்த கலவைக் கணக்கில் பூசுவார். மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி, சிங்களவர் கெஹிபெல்லா என்று சொல்லும் நீலவால் பறவை என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் கொஞ்சம் மங்கலாக, சாம்பல் படிந்தது மாதிரி இருந்தன.

"நிறம் போதாதோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுல மூட்டமும் ஈக்குது" என்றார்.

ஆண்டுகள் போயின. ஒரே ஒரு படம் மிஞ்சியது. குளிர்காலத்தில் இமயமலையிலிருந்து வந்து, பங்குனி கழிந்து திரும்பிப் போகும் ஒரு பூங்குருவி. ஆண்பறவை கறுப்பும் வெள்ளையும் என்று புத்தகம் சொன்னது. மூக்கு மங்கிய தவிட்டு நிறம் என்றது. ஒவ்வொரு குளிர்காலமும் நானா அதைத் தேடிக் காடேறினார். காணவில்லை.

"இத முடிக்காம எனக்குக் கண் மூடேலாது மாஸ்டர்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் பிந்திய வருடங்களில் சிரிப்பு குறைந்தது. காட்டு வழியில் தடுக்கினார். பேத்தியைப் பேரன் பெயரால் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து வந்த வெள்ளை பெயின்டை, பழுத்துப்போய்விட்டது என்று திரும்பத் திரும்ப அனுப்பினார். வெள்ளைச் சட்டை வெளுக்கவில்லை என்று சவர்க்காரத்தை மாற்றச் சொல்லி மனைவியோடு தினமும் வழக்கு. அவர் மனைவியை நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவேன்.

"இந்தாங்க மாஸ்டர், நீங்களே சொல்லுங்க, இது வெள்ளையில்லயா?" என்று ராத்தா சட்டையைத் தூக்கிக் காட்டுவார். கணவன் மனைவி வழக்கில் நான் சாட்சிக்குப் போவதில்லை.

அந்தக் குருவி இருக்கும் இடத்தைக் கடைசியில் சொன்னவர் நானுஓயா ஸ்டேஷனில் சுற்றுலாக்காரர்களுக்கு வேன் ஓட்டுபவர், பெயின்ட் கரைக்கும் தின்னர் வாங்கக் கடைக்கு வந்தவர். படத்தை எட்டிப் பார்த்தார்.

"இதுங்களா முதலாளி? வெள்ளக்காரங்கள இதக் காட்டத்தானே கூட்டிட்டுப் போறோம். நுவரெலியா பார்க்குக்குப் பின்னால, கானுல நிக்கும்."

"கானுலயா?"

"ஆமாங்க. அழுக்குத் தண்ணி ஓடுற கான். நாத்தம் தாங்காது. வெள்ளக்காரன் மூக்கப் பொத்திக்கிட்டுப் போட்டோ புடிப்பான்." போனை எடுத்துப் படத்தைக் காட்டினார்.

நானா போனைத் தள்ளிவிட்டார். "இது போன் பாத்தது. நான் பாக்கல்ல."

அத்தனை குளிர்காலமும் அட்டைக்கு ரத்தம் கொடுத்து அவர் காட்டில் தேடிய பறவை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குப்பை கிளறிக்கொண்டு நின்றிருக்கிறது.

மறுநாளே போனோம். நானா, ராத்தா, வேன்காரர், நான். கானோரத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். ராத்தாவுக்குத்தான் முதலில் தெரிந்தது.

"அந்தா. பைப்புக்குக் கீழ. காஞ்ச எலையப் பெரட்டுது."

நானா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒரு அடி முன்னால் போய் மறுபடி பார்த்தார்.

"மாஸ்டர், புத்தகம் பொய். வெள்ளைன்னு எழுதியீக்கான். இது பால் தேத்தண்ணி நிறம்."

"வெள்ளதானே ஈக்குது" என்றார் ராத்தா.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறேன்."

என் பக்கம் திரும்பினார். "வெள்ளை நானா" என்றேன். வேன்காரரைப் பார்த்தார். "சுண்ணாம்பு வெள்ளைங்க முதலாளி."

குருவி இன்னும் இரண்டு இலைகளைப் புரட்டிவிட்டுப் புதருக்குள் போனது. திரும்பும் வழியில், ரதல்லைக்குக் கிட்ட வேன் வரும்போது நானா சொன்னார்.

"ஒரு சாட்சி போதும். மூணு வந்தாச்சு." பிறகு ராத்தாவிடம்: "அப்ப அந்தச் சட்டை?"

"எப்பவும் வெள்ளதான்" என்றார் ராத்தா. வழக்கு வென்ற மகிழ்ச்சி அவர் குரலில் இல்லை.

கண்புரை. இரண்டு கண்ணிலும் முற்றியிருந்தது. முதலில் வலக்கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் செய்தார்கள். கட்டு அவிழ்த்த பிறகு நானாவுக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. எதையும் இடக்கண்ணை மூடி ஒருமுறை, வலக்கண்ணை மூடி ஒருமுறை பார்த்தார். பழைய கண்ணில் உலகம் தேத்தண்ணி, புதுக் கண்ணில் பால். கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களையெல்லாம் இப்படியே பார்த்ததில், கொழுந்தெடுக்கும் பெண்கள் இருவர் வாங்க வந்த பிரஷை விட்டுவிட்டு வெளியேறினார்கள்.

"இந்த வயசுல முதலாளி கண்ணடிக்கிறாருடி" என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது.

மகன் ஓடிப்போய் விளக்கம் சொல்லவேண்டியதாயிற்று. அதன்பிறகு கல்லாவில் மகனே உட்கார்ந்தார்.

வேறொரு காரியமும் நடந்தது. தான் பூசிய படங்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பச் சொன்னார். உறைகளின் வரிசையில் அல்ல, பூசிய வரிசையில். அந்த வரிசை என்னிடம் இருந்தது. முதலில் சாம்பல் மூட்டம். போகப் போகப் பழுப்பு. கடைசிப் படங்கள் சாயத்தில் முக்கி எடுத்தவை மாதிரி இருந்தன. பக்கத்தில் லண்டன் பெண்கள் பூசிய பழைய படங்கள், நீலம் நீலமாக, மஞ்சள் மஞ்சளாக.

நானா புதுக் கண்ணால் பார்த்தார். பழைய கண்ணால் பார்த்தார்.

"குருவியக் காணாத புள்ளைகள் சரியாப் பூசியீக்கு. கண்ட நான் பிழையாப் பூசியீக்கேன்."

நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன். கையால் நிறுத்தினார். "பொய் சொல்லல்ல மாஸ்டர். நான் பாத்தது அதைத்தான். ஆனா பாத்தவனையும் விசாரிக்கணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

மீண்டும் பூசட்டுமா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. படங்களைப் பெட்டிக்குள் வைத்தார். இன்னும் பூசாத அந்தப் பூங்குருவிப் படத்தை மட்டும் வெளியே வைத்தார்.

இப்போது அவசரம். தூசு படக்கூடாது, வெளியே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பங்குனி கழிந்தால் குருவி போய்விடும். அடுத்த குளிர்காலம்வரை பொறுக்கலாமே என்றேன். "அடுத்த குளிர்காலத்த நீங்க பாத்தீங்களா?" என்றார். வேன்காரர் சவாரிக்குப் போகும்போதெல்லாம் கானை எட்டிப் பார்த்துப் போனில் சொன்னார்: "நிக்குதுங்க முதலாளி." ஒருநாள் "இன்னைக்கு காணல்லங்க" என்றார். அன்று நானா சாப்பிடவில்லை. மறுநாள், "நிக்குதுங்க, வேற பைப்புக்கு மாறிருச்சு."

டாக்டர் சரி என்ற அன்று மருந்துச் சீட்டை ராத்தாவின் பையில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பார்க்குக்குப் போனோம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். குருவி கானுக்குள் நின்று ஒரு புழுவை இழுத்துக்கொண்டிருந்தது.

"வெள்ளைதான்" என்றார். மெதுவாக, ஏதோ கடனை ஒப்புக்கொள்வது மாதிரி. அதன்பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார். எதையோ கண்டார் என்று தெரிந்தது. என்ன என்று சொல்லவில்லை.

அடுத்த போயாவுக்கு வரச் சொல்லியிருந்தார். போனேன். மேசையில் படம், வாட்டர் கலர் பெட்டி, கோப்பையில் தண்ணீர். அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் எனக்கும் விளங்கியது. கறுப்பு மையில் வெள்ளைத் தாளில் அச்சான கறுப்பு வெள்ளைக் குருவி. பூச ஒன்றுமில்லை. கோப்பி விழுந்த நாளிலிருந்து இந்த ஒரு படம் மட்டும் முடிந்த படமாகவே பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

நான் சிரித்துவிட்டேன். நானாவும் சிரித்தார். ஆனால் பிரஷை எடுத்து நனைத்தார்.

"மூக்குக்கு என்ன நிறம்னு போட்டீக்கு?"

"மங்கிய தவிட்டு நிறம்."

"செத்ததப் பாத்து எழுதினது." மஞ்சளைத் தொட்டார். படத்துக்கு மேலே பிரஷ் நின்றது. இறங்கவில்லை. இத்தனை வருடமும் எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டிய கண்ணை நம்பி ஏமாந்த மனிதர் அவர். குசினிப் பக்கம் திரும்பினார்.

"இந்தாங்க, அதுக்கு மூக்கு மஞ்சள்தானே?"

ராத்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பாத்தீங்களா, கேட்டீங்களா?"

"பாத்தேன்."

"எந்தக் கண்ணால?"

"புதுக் கண்ணால."

"அப்ப என்னத்துக்கு என்னக் கேக்கிறீங்க?"

பிரஷ் இறங்கியது. ஒரே ஒரு சொட்டு. தாளில் மஞ்சள் மூக்கு மட்டும் உயிரோடு எழுந்து நின்றது. நானா பிரஷைக் கழுவினார், கோப்பைத் தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே ஊற்றினார். கீழே ரயில் பாதைப் பக்கமிருந்து மூட்டம் ஏறி வந்துகொண்டிருந்தது.

"மாஸ்டர், காயிற வரைக்கும் அந்த ஜன்னலச் சாத்துங்க" என்றார். "இதுல மூட்டம் சேரக்கூடாது."